கட்டைவிரல் கிளட்ச்

புகைக்குழாயை அடைத்தால் ஜீப்புக்கு மூச்சு முட்டுமா, முட்டாதா? இந்தச் சந்தேகம் கலையரசிக்கு ஏழு வயசில் வந்தது. சந்தேகம் வந்தால் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்கிற ரகம் அல்ல அவள். வீட்டில் அவிப்பதற்கு வைத்திருந்த மரவள்ளிக் கிழங்கில் தடித்ததாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து, அப்பாவின் ஜீப் குழாயில் செருகி, செங்கல்லால் நாலு போடு போட்டாள்.

மறுநாள் காலை கச்சிராயப்பாளையம் பஸ் நிறுத்தத்தில் வெள்ளிமலைக்குப் போகிற ஜனம் மூட்டை முடிச்சோடு ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தது. அப்பா இருசப்பன் வண்டியைக் கிளப்பினார். என்ஜின் இருமியது, குலுங்கியது, செத்தது. மறுபடியும் கிளப்பினார். 'டொம்' என்றது. கிழங்கு பறந்துபோய்ப் பின்னால் இருந்த டீக்கடைத் தகரத்தில் மோதி விழுந்தது. இருசப்பன் இறங்கிப்போய் எடுத்துப் பார்த்தார்.

"பாதி வெந்திருக்குதுடா!" என்றார், கடைசியில்.

அன்றைக்கு அவளுக்கு விழுந்த அடியெல்லாம் அம்மா கொளஞ்சியம்மாளின் கையால் விழுந்தது. அப்பா சிரித்ததோடு சரி. வெளியே விட வழி இல்லாவிட்டால் என்ஜினுக்கு உள்ளே இழுக்கவும் முடியாது என்று கலையரசி தெரிந்துகொண்டாள். முதுகு எரிந்தாலும் விஷயம் உறுதியாகத் தெரிந்ததில் அவளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

அந்தப் பெண்தான் பிற்பாடு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தாள். கணக்குப் பேப்பர் ஒன்று மட்டும் இன்னும் பாஸாகவில்லை. அதைப் பற்றிக் கேட்பவர்களிடம் பேச்சை மாற்றுவாள். கள்ளக்குறிச்சியில் சேலம் ரோட்டில் உள்ள ஒரு ஒர்க் ஷாப்பில் பிரேக் வேலை பார்க்கிறாள். "மெக்கானிக் எங்கம்மா?" என்று யாராவது கேட்டால், லாரிக்கு அடியிலிருந்து கிரீஸ் பூசிய கை ஒன்று நீண்டு ஆடும். கேட்டவர் ஓர் அடி பின்னால் துள்ளுவார். அந்தத் துள்ளலுக்காகவே அவள் சத்தம் போடாமல் படுத்திருப்பாள் என்று கடையில் எல்லாருக்கும் தெரியும்.

இருசப்பனுக்குச் சர்க்கரை வியாதி. இடது கால் கட்டைவிரலில் வந்த புண் ஆறாமல் மேலே ஏறி, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் மாட்டி நடக்கப் பழகிவிட்டார். ஆனால் ஜீப் ஓட்ட முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பது வண்டி ஓட்டாதவர்களுக்குச் சட்டென்று விளங்காது. இடது காலுக்கு வண்டியில் ஒரே வேலைதான், கிளட்ச். என்ஜினையும் சக்கரத்தையும் பிரித்துச் சேர்த்து வைக்கிற வேலை. பிரிக்கும்போது ஓங்கி மிதித்துவிடலாம். சேர்க்கும்போதுதான் வம்பு. மிதியை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டே வரும்போது ஓர் இடத்தில் 'பிடிக்கும்'. அந்த இடம் கணுக்காலுக்குத் தெரிய வேண்டும். இருசப்பனின் புதுக் காலில் கணுக்காலே இல்லை. அது ஒரே மிதி, ஒரே விடு. ஜீப் தவளை மாதிரி ஒரு குதி குதித்து அணைந்துபோகும்.

ஜீப் வேப்பமரத்தடியில் நின்றது. பின் சீட்டில் கோழி அடைகாத்துக் குஞ்சு பொரித்தது. இருசப்பன் தினமும் காலையில் ஓட்டுகிற சீட்டில் ஏறி உட்கார்ந்து ஒரு தரம் ஹாரன் அடித்துவிட்டு இறங்குவார். இந்தச் சத்தம் கேட்டால் கலையரசி ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு வேலைக்கு ஓடிவிடுவாள். அந்த நேரத்தில் தன் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது அவளுக்கு.

"அதைக் குடுத்துடலாம்யா," என்றாள் கொளஞ்சியம்மாள் ஒரு நாள். "தியாகதுருகத்துல கோழிக்கடை வச்சிருக்கிற இளமாறன் கேக்குறாரு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கினு போறேன்னாரு."

"கோழிக்கா?" என்றார் இருசப்பன்.

"இப்ப மட்டும் இன்னா? அதுல கோழிதான இருக்குது!"

கலையரசிதான் நடுவில் புகுந்தாள்.

"எம்மா, அதுக்குள்ள அப்பாவே ஓட்டிட்டா?"

"எப்புடிடி ஓட்டுவாரு, வாயாலயா?"

"கையால. கிளட்சைக் கைக்குக் கொண்டாந்துடறேன். ஆர்டிஓ ஆபீசுல அதுக்குன்னு முறையா அனுமதி வாங்கலாம்மா."

கொளஞ்சியம்மாள் மகளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "ஆர்டிஓ அப்புறம். மொதல்ல நான். ஞாயித்துக்கிழமை காலையில நான் முன்னாடி சீட்டுல குந்துவேன். வெள்ளிமலைக்குப் போய்ட்டு வரணும். நடுவுல ஒருவாட்டி நான் 'நிறுத்து'ன்னு சொன்னாலும், சாயங்காலம் வண்டி கோழிக்கடைக்கு. சொல்லலன்னா உங்க வூட்டு வண்டி, வச்சிக்கினு ஆடுங்க."

அன்று ஆரம்பித்தது வேப்பமரத்தடியில் திருவிழா.

முதலில் பைக்கின் கிளட்ச் பிடியைக் கொண்டுவந்து கியர் தடியில் மாட்டி, ஒயர் இழுத்தாள். ஜீப் கிளட்சின் ஸ்பிரிங் பைக் ஸ்பிரிங்குக்குப் பெரியப்பா. இரண்டு கையாலும் தொங்கினாலும் அசையவில்லை. சரி, பிடியை நீளமாக்கினால் பாரம் குறையும் என்று கணக்குப் போட்டாள். பாரம் குறைந்தது, ஆனால் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தூரம் இழுக்க வேண்டியிருந்தது. பிடியை முழுக்க இழுத்தபோது இருசப்பனின் முழங்கை கொளஞ்சியம்மாள் உட்காரப்போகிற இடத்தில் போய் இடித்தது.

"இதுக்கு அனுமதி கெடைக்கும்னு தோணல," என்றார் அவர், பக்கத்துச் சீட்டைப் பார்த்தபடி.

வேலை அதோடு நின்றுவிட்டது என்று நினைத்தபோது, ஒர்க் ஷாப்பில் ஒரு வேனின் பிரேக்கைக் கழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே கையில் ஸ்பானரோடு நின்றுவிட்டாள். பிரேக் மிதிக்குப் பின்னால் தோசைக்கல் அகலத்தில் ஒரு கறுப்பு டப்பா இருக்கும். என்ஜின் ஓடும்போது ஒரு சின்ன பம்பு அந்த டப்பாவிலிருந்து ஓயாமல் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பிரேக்கை மிதித்தால், டப்பாவின் ஒரு பக்கம் வெளிக்காற்று புகும். இன்னொரு பக்கம் வெறுமை. வெளிக்காற்று தள்ளுகிற தள்ளில்தான் மிதி வெண்ணெயாக இறங்கும். ஊரில் இருக்கிற காற்றெல்லாம் சம்பளம் வாங்காமல் பிரேக் மிதிக்கும்போது, அதே காற்று கிளட்சையும் மிதித்தால் என்ன?

"ஐயோ!" என்று கத்தினாள். வேன்காரர் தன் வண்டிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனார்.

பழைய இரும்புக்கடையிலிருந்து இன்னொரு கறுப்பு டப்பா வந்தது. அதைக் கிளட்ச் மிதியோடு சேர்த்தாள். பிரேக்குக்குப் போகிற குழாயை நடுவில் வெட்டி, ஒரு கிளை பிரித்து, இந்த டப்பாவுக்கு விட்டாள். கியர் தடியின் தலையில் கட்டைவிரலுக்குச் சின்னதாக ஒரு பிடி. அழுத்தினால் 'புஸ்' என்று ஒரு சத்தம். யாரும் தொடாமலே கிளட்ச் மிதி கீழே போனது. பேய் மிதித்த மாதிரி. இருசப்பன் கைதட்டினார்.

ஆனால் விட்டால் மிதி தடாலென்று மேலே வந்தது. மறுபடியும் தவளை.

அதற்கு வழி ஆஸ்பத்திரியில் இருந்தது. அப்பாவுக்கு குளுக்கோஸ் ஏறிய நாட்களில், குழாயில் இருக்கும் சின்னச் சக்கரத்தை நர்ஸம்மா கட்டைவிரலால் உருட்டி, சொட்டைக் கூட்டியும் குறைத்தும் வைப்பதையே கலையரசி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பார்த்தது. இப்போது அதே மாதிரி ஒரு சக்கரத்தைக் காற்று உள்ளே போகிற வழியில் வைத்தாள். கட்டைவிரல் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவு காற்று. அவ்வளவு மெதுவாகக் கிளட்ச்.

இருசப்பன் சந்தைத்திடலில் ஒரு சுற்று போனார். தவளை குதிக்கவில்லை. இன்னொரு சுற்று. பிறகு எட்டுப் போட்டார். பிறகு நிறுத்தவே மாட்டேன் என்றார். "பிடிக்கிற இடம் தெரியுது கலை! கட்டைவிரல்ல தெரியுது! கால்ல போன விரலு கையில வந்துடுச்சு!" என்று ஜன்னல் வழியாகக் கத்திக்கொண்டே சுற்றினார். கலையரசி திரும்பி நின்று, இல்லாத போல்ட் ஒன்றை ரொம்ப நேரம் முடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. இத்தனை நாள் நின்ற வண்டியில் நொந்துபோயிருந்த பேட்டரி அன்று முழுசாகச் செத்திருந்தது. பக்கத்து வீட்டு டிராக்டர் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்பினார்கள். கோழியும் குஞ்சுகளும் கூடைக்குக் குடிபெயர்ந்தன. கொளஞ்சியம்மாள் தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு முன் சீட்டில் ஏறினாள். கலையரசி பின்னால்.

"பேட்டரி இல்ல, நடுவுல ஆஃப் பண்ணிடாதப்பா."

"எனக்கே சொல்றியா? ஏத்தத்துல ஆஃப் பண்ணுவனா?" என்றார் இருசப்பன். ஏற்றம் என்று மட்டும் சொன்னதைக் கலையரசி கவனிக்கவில்லை.

மலைப்பாதை தொடங்கியது. புஸ், இரண்டாவது கியர். புஸ், முதல் கியர். வளைவுக்கு வளைவு இருசப்பன் இளமையானார். நடுவில் ஒரு கொண்டை ஊசி வளைவில், முன்னால் ஏறிக்கொண்டிருந்த லாரி திடீரென்று நின்றது. ஜீப்பும் சரிவில் நின்றது. இனிமேல்தான் நிஜமான பரீட்சை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி பின்னால் உருளும். எடுக்காவிட்டால் ஆக்ஸிலேட்டரை யார் மிதிப்பது? இடது கை கிளட்சில், வலது கை ஸ்டியரிங்கில். கொளஞ்சியம்மாளின் உதடு 'நி' என்று குவிவதைக் கலையரசி கண்ணாடியில் பார்த்தாள்.

இருசப்பன் வலது காலைக் கோணலாகத் திருப்பினார். குதிகால் பிரேக்கில், முன்பாதம் ஆக்ஸிலேட்டரில். என்ஜின் உறுமியது, கட்டைவிரல் மெல்ல விட்டது, ஜீப் ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகாமல் முன்னால் ஏறியது. அம்மாவின் உதடு மூடிக்கொண்டது.

"இது நான் போட்ட டிசைன்ல இல்லையே!" என்று கத்தினாள் கலையரசி.

"காலு ஒண்ணுதான் போச்சு. இன்னொண்ணு சும்மாவா கீது?"

வெள்ளிமலையில் ஜீப்பைப் பார்த்த ஜனம் சூழ்ந்துகொண்டது. "இருசண்ணே! வந்துட்டியா? நாளையிலேருந்து வருமா வண்டி?" தேன் வைத்திருந்த ஒருத்தி ஒரு பாட்டிலைக் கொளஞ்சியம்மாளின் மடியில் வைத்துவிட்டுப் போனாள். என்ஜின் ஓடிக்கொண்டே இருக்க, மூவரும் நின்றபடி டீ குடித்தார்கள். சர்க்கரை போடாத டீயை இருசப்பன் பாயசம் மாதிரி உறிஞ்சினார்.

இறக்கம். மலை ஜீப்காரர்களுக்கு இறக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. டீசல் எதற்கு வீணாக என்று என்ஜினை அணைத்து, கியரை நியூட்டரலில் போட்டு, சும்மா உருட்டிக்கொண்டு வருவார்கள். கீழே வரும்போது கிளட்சைப் பிடித்து ஒரு கியரைப் போட்டு விட்டால், உருள்கிற சக்கரமே என்ஜினைச் சுற்றிக் கிளப்பிவிடும். பேட்டரி தேவையில்லை. பல வருஷப் பழக்கம். இருசப்பனின் கை தானாகப் போய், என்ஜினை அணைக்கும் குமிழை இழுத்தது.

சட்டென்று ஒரு நிசப்தம். காற்றுச் சத்தமும் டயர் சத்தமும் மட்டும். அழகாகத்தான் இருந்தது. இருசப்பன் குஷியில் வேண்டாத இடத்திலெல்லாம் கட்டைவிரலை அழுத்திப் பார்த்துக்கொண்டு வந்தார். புஸ். கொஞ்ச தூரம் போய் இன்னொரு புஸ். ஸ்டியரிங்கில் தாளம் போடுகிற மாதிரி.

பின்னால் இருந்த கலையரசிக்கு அந்தச் சத்தம் இளைத்துக்கொண்டே வருவது கேட்டது. புஸ்ஸ். புஸ். பு. என்ஜின் ஓடவில்லை என்றால் பம்பு ஓடவில்லை. டப்பாவில் இருந்த கொஞ்சநஞ்ச வெறுமையைத்தான் கிளட்ச் தின்றுகொண்டிருக்கிறது. பிரேக்குக்கும் அதே குழாய்தான். அவள் வெட்டி அவளே கிளை பிரித்த குழாய்.

"அப்பா, வெரலை எடு!"

அடுத்த வளைவு தெரிந்தது. இருசப்பன் பிரேக்கை மிதித்தார். மிதி அசையவில்லை.

"கலை, பிரேக்கு கல்லு மாரி கீது!"

"ஏறி மிதிப்பா! கைப்பிரேக்கையும் இழு!"

இழுத்தார். வேகம் கூடவில்லை, குறையவும் இல்லை. கட்டைவிரலை அழுத்தினார். 'புஸ்' வரவில்லை. சாவியைத் திருகினார். 'டிக்' என்றது, அவ்வளவுதான். வளைவு கிட்டே வந்தது. அதற்கு அப்பால் மரங்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. கொளஞ்சியம்மாள் தேன் பாட்டிலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

கியரைப் போட்டால் என்ஜின் கிளம்பும். கியரைப் போடக் கிளட்சைப் பிரிக்க வேண்டும். பிரிக்கக் காற்று இல்லை. மிதி இருக்கிறது. மிதிக்குப் பக்கத்தில்...

"அந்தக் காலால மிதிப்பா!"

"எந்தக் காலுடி?"

"புதுக்காலு! கிளட்சு மிதி அங்கதான இருக்குது! குமிழை உள்ள தள்ளு, செகண்டு போடு! மெதுவால்லாம் வாணாம், ஒரே மிதி, ஒரே வுடு!"

ஒரே மிதி, ஒரே விடு. அந்தக் காலுக்குத் தெரிந்த வித்தையே அதுதான். இருசப்பன் குமிழைத் தள்ளினார். தொடையைத் தூக்கிக் கட்டைக்காலை இறக்கினார். கியர் விழுந்தது. காலைத் தூக்கினார். ஜீப் தவளை மாதிரி ஒரு குதி குதித்தது. மூன்று பேரும் முன்னால் போய் முட்டிக்கொண்டார்கள். என்ஜின் ஒருமுறை இருமி, ஓங்கிக் கத்தியது. இரண்டாவது கியர் வண்டியைப் பிடரியைப் பிடித்து இழுத்தது. பம்பு சுழன்றது. இரண்டாம் மிதிக்குப் பிரேக் வெண்ணெயாக இறங்கியது. வளைவை வழக்கம்போலத் திரும்பி, அகலமான இடத்தில் ஓரங்கட்டி நின்றார்கள்.



"பழக்க தோசம் கொளஞ்சி," என்றார் இருசப்பன், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஆஃப் பண்ணது என் தப்பு. வண்டி மேல தப்பு இல்ல."

கலையரசி அப்படியே விட்டிருக்கலாம். அம்மாவுக்குக் குழாயைப் பற்றி என்ன தெரியும்? அப்பா திட்டு வாங்குவார், வண்டி வீட்டில் நிற்கும். வாய்வரை வந்த அந்தச் சௌகரியத்தை விழுங்கினாள். நாளைக்கு இதே சீட்டில் மலைச் சனம் உட்காரும்.

"வண்டி மேலயும் தப்பு இருக்குதும்மா. பிரேக்கோட காத்தைக் கிளட்சும் சேர்ந்து தின்ற மாரி வச்சிட்டேன். ரெண்டுக்கும் தனித்தனியா வச்சிருக்கணும், நடுவுல ஒருபக்கமாத் தெறக்கிற வால்வு போட்டிருக்கணும். தரையில ஓட்டிப் பார்த்துட்டு ஜம்முனு இருக்குதுன்னு நெனச்சிட்டேன். என் தப்புதான்."

கொளஞ்சியம்மாள் பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகினாள்.

"நீ 'நிறுத்து'ன்னு சொல்லவே இல்லியேம்மா," என்றாள் கலையரசி மெல்ல.

"சொல்லி இன்னா பண்றது? நிக்கிற வண்டிக்கிட்டதான அதைச் சொல்ல முடியும்!"

இருசப்பனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினார், முடியவில்லை. கலையரசிக்கும் தொற்றிக்கொண்டது. கொளஞ்சியம்மாள் இருவரையும் ஒரு முறை முறைத்தாள். அப்புறம் அவளுக்கே தோள் குலுங்கத் தொடங்கிவிட்டது. பைக்கில் மேலே ஏறி வந்த ஒருவர் இந்த மூன்று பேரையும் பார்த்து வேகத்தைக் கூட்டிக்கொண்டு போனார்.

"அப்ப சாயங்காலம் இளமாறன் வந்தா?" என்று கேட்டார் இருசப்பன், சிரிப்பு ஓய்ந்ததும். இவ்வளவு நேரமும் அதைத்தான் கேட்காமல் வைத்திருந்தார்.

"பிரேக்கு சரியில்லாத வண்டியை ஒருத்தருக்கு விக்கிறது பாவம்னு சொல்லுவேன்," என்றாள் கொளஞ்சியம்மாள். "சரி பண்ணதுக்கப்புறம் வந்தா, இன்னாத்துக்கு விக்கணும்னு கேப்பேன். போ, ஓட்டு. கியர்லயே போ."

பிரேக்குக்குத் தனி வழி ஆனது, கிளட்சுக்குத் தனித் தொட்டி வந்தது. ஒருபக்கம் மட்டும் திறக்கிற வால்வை மாட்டி, என்ஜினை அணைத்துவைத்து, கட்டைவிரலை அழுத்து அழுத்தென்று அழுத்திவிட்டு, பிரேக்கை மிதித்துப் பார்த்தாள் கலையரசி. வெண்ணெய். ஆர்டிஓ ஆபீஸ் ஆய்வாளர் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்க மனசில்லாமல் இன்னொரு சுற்று கேட்டார். அனுமதியும் வந்தது.

கடைசியாக இன்னொரு மாற்றமும் நடந்தது. அது எந்தப் பாலிடெக்னிக் பாடத்திலும் கிடையாது. என்ஜினை அணைக்கிற குமிழைக் கழற்றி, கம்பியை நீட்டி, முன் சீட்டின் இடது கோடியில் மாட்டியிருக்கிறாள் கலையரசி. முதல் நாள் வெள்ளிமலை சவாரி நிறைந்து இறங்கிக்கொண்டிருந்தபோது, அந்த இடத்தில் கொளஞ்சியம்மாள்தான் உட்கார்ந்திருந்தாள்.

"நல்ல எறக்கம் கொளஞ்சி," என்றார் இருசப்பன், ரொம்ப நயமாக. "கொஞ்சம் குமிழை இழேன்."

"ஊரு வரட்டும்யா, இழுக்கிறேன்," என்றாள் அவள், குமிழை உள்ளங்கையால் மூடிக்கொண்டு.